தொட்டி தண்ணியை மாத்தின மறுநாளே மீன் சாகுதா? திருஷ்டி இல்லை... குழாய் தண்ணீரை கவனிங்க!

ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டியை பளபளன்னு கழுவி, முழுக்க புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் இரண்டு மூன்று மீன்கள் செத்து மிதக்கும். "வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கிட்டு போயிடுச்சு" என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் மீனைக் கொன்றது நாம் குடிக்கிற அதே தண்ணீர்தான்.

நாம குடிக்கலாம், மீனுக்கு ஏன் ஆகாது?

கிருமிகளைக் கொல்ல குடிநீரில் குளோரின் கலக்கப்படுகிறது. குளோரின் கலந்த தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வரும்போதும், லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்திய குடிநீர் தரநிலை. நம் வயிற்றுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் மீன் அந்தத் தண்ணீரில்தான் மூச்சு விடுகிறது. செவுளின் மெல்லிய திசுவை குளோரின் அரித்துவிடுவதால், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

மழைக்காலத்தில் நோய் பரவாமல் இருக்க குளோரின் அளவைக் கூட்டுவது வழக்கம். லாரி தண்ணீர், சம்ப் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாலும் இதே கதைதான். "போன மாசம் இதே தண்ணியதானே ஊத்தினேன், ஒண்ணும் ஆகலையே" என்ற கணக்கு தவறிப்போவது இங்கேதான்.

என்ன செய்யணும்?

செலவில்லாத வழி, வாய் அகன்ற பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்து 24 மணி நேரம் திறந்தே வைப்பது. வெயில் பட்டால், அல்லது ஏர் பம்ப் ஓடினால் குளோரின் இன்னும் சீக்கிரம் போய்விடும். மூடி போட்ட கேனில் வைத்தால் பலன் இல்லை.

அவசரம் என்றால் ஆன்டி குளோரின். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் கடைகள் இருக்கும் எந்த இடத்திலும் சின்ன பாட்டிலில் கிடைக்கும். பெரும்பாலும் அதில் இருப்பது சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று சொன்ன அதே உப்பு! பாட்டிலில் போட்டிருக்கும் அளவைக் கலந்தால் சில நிமிடங்களில் குளோரின் செயலிழந்துவிடும்.

அமெரிக்காவின் பல நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு பக்கெட் வைத்தியம் பலிக்காது. குளோரமின் ஒரு நாளில் ஆவியாகாது. அதற்கென விற்கும் கண்டிஷனர்தான் வாங்க வேண்டும்.

ஆர்.ஓ., போர் தண்ணீர் ஊத்தலாமா?

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது நல்லதல்ல. மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் மிகக் குறைவு, பி.எச். அளவும் நிலையாக இருக்காது. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பும் கடினத்தன்மையும்தான் பிரச்னை. கப்பி, மோலி சமாளித்துக்கொள்ளும். டெட்ரா, டிஸ்கஸ் திணறும்.

ஒரு வாரம் கழித்து செத்தால்?

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் செத்தால் சந்தேகம் குளோரின் மீது. நாலைந்து நாள் கழித்து ஒவ்வொன்றாகப் போனால், ஃபில்டரைப் பாருங்கள். அதன் ஸ்பாஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றுகின்றன. ஸ்பாஞ்சை குழாயடியில் பிடித்துக் கழுவினால் அவை செத்துப்போகும், அம்மோனியா ஏறும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும்.

முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. வாரம் ஒருமுறை கால்வாசி போதும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். கால்வாசி என்பது ஒரு பக்கெட்தான்! ஊற்றும் முன் கையை விட்டு, தொட்டித் தண்ணீரின் சூடும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஊற்றியாச்சு, மீன் மேலே வந்து வாயைப் பிளக்குது என்றால், உடனே முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு ஆன்டி குளோரின் விட்டு, ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அன்று முழுக்க தீனி போட வேண்டாம்.