தேவசகாயம்: ஒரு திருமுழுக்குப் பெயரின் வரலாறு

கிறித்தவத்தில் திருமுழுக்கின்போது இடப்படும் பெயர் திருமுழுக்குப் பெயர் எனப்படும். புதுப் பிறப்பின் அடையாளமாக அது கருதப்படுகிறது. விவிலியத்தில் ஆபிராம் ஆபிரகாம் ஆகிறார்; யாக்கோபு இஸ்ரயேல் ஆகிறார்; மீனவரான சீமோனுக்குப் பாறை என்று பொருள்படும் பேதுரு என்ற பெயரை இயேசு இடுகிறார். ஆயினும் தொடக்க காலத் திருச்சபை பெயர் மாற்றத்தைக் கட்டாயமாக்கவில்லை. பவுலின் தோழர்களில் அப்பொல்லோ, பெபேயாள் போன்றோர் கிரேக்கத் தெய்வங்களை நினைவூட்டும் பெயர்களுடனேயே வாழ்ந்தனர். புனிதர்களின் பெயரை இடும் வழக்கம் பின்னாளில் வேரூன்றியது.

தமிழகக் கத்தோலிக்கரிடையே புனிதர்களின் பெயர்கள் ஒலி மாறி வந்தது மட்டுமல்ல, பொருள் மாற்றமும் பெற்று வந்தன. ஸ்தேவான் என்பதன் கிரேக்க மூலத்துக்கு முடி அல்லது மாலை என்பது பொருள். எனவே அவர் முடியப்பர் ஆனார். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், தமிழில் சின்னப்பர். ஆண்மை, வலிமை ஆகியவற்றைக் குறிக்கும் அந்திரேயா பெலவேந்திரர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் என்னும் கருத்து உண்டு. அருளப்பர் என்னும் பெயர் அதைத் தாங்கி நிற்கிறது. இப்பெயர்களை ஆக்கியோர் மொழியறிந்து ஆக்கியிருக்கின்றனர். முடியப்பன், சின்னப்பன் என்று இன்று கேட்பவர்களுக்கு அவை அயல்நாட்டுப் புனிதர்களின் பெயர்களாகத் தோன்றுவதே இல்லை.

இவ்வழக்கின் சிறந்த சான்று தேவசகாயம் என்னும் பெயர். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பணியாற்றியவர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டி லனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இடப்பட்ட பெயர் இலாசர். எலயாசர் என்னும் எபிரேயப் பெயரின் வடிவமே அது. கடவுள் உதவினார் என்பது பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்றனர். சகாயம் என்ற வடசொல்லுக்கும் உதவி என்பதே பொருள். அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

பின்னர் தேவசகாயம் சிறைப்படுத்தப்பட்டு, துன்புறுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உதவி என்று பெயர் பெற்றவருக்கு மனித உதவி எதுவும் கிட்டவில்லை.

ஆனால் பெயரின் முற்பகுதிதான் மாறியது. பிள்ளை என்னும் சாதி ஒட்டு மாறாமல் பின்தொடர்ந்தது. இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1858இல் திருமுழுக்குப் பெற்ற 'இரட்சணிய யாத்திரிகம்' ஆசிரியரும் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை என்றே அறியப்பட்டார். அவர் பெயரில் கிருஷ்ணனும் நிலைத்தார், பிள்ளையும் நிலைத்தது. முன்னது அப்பொல்லோவைப் போன்றது. அதில் முரண் இல்லை. பின்னதே சிக்கலானது, ஏனெனில் புதுப் பிறப்பு என்று சொல்லப்பட்ட சடங்குக்குப் பின்னும் பழைய பிறப்பை அது அறிவித்துக்கொண்டிருந்தது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே, 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கோயில் இரு சாதியினர் தனித்தனியே அமர இரு பிரிவாக அமைக்கப்பட்டது. இடையே நின்ற தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது.

2012இல் தேவசகாயத்துக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. அதன்பின், புனிதர் பட்ட நடவடிக்கையில் சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்று சிலர் வத்திக்கானுக்கு முறையிட்டனர். அது அவர் வரலாற்றின் பகுதி, நீக்கக்கூடாது என்று வாதிட்டோரும் உண்டு. முறையீடு ஏற்கப்பட்டது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வாசிக்கப்பட்ட பெயர் தேவசகாயம். பிள்ளை என்ற சொல் அதில் இல்லை.