பந்தல் இருக்கிறது, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை: கோடைக்கால நிழற்கொடையின் வரலாறு

அகமதாபாத், சோத்பூர், சென்னை என்று இந்திய நகரங்கள் இப்போது வெயில் காலத்தில் பொது இடங்களில் குளிர்விப்பு நிலையங்களைத் திறந்துவருகின்றன. செய்திகளில் இவை புதுமையாகச் சொல்லப்பட்டாலும், வெயிலில் நடப்பவனுக்கு நிழலும் நீரும் கொடுக்கும் பொது ஏற்பாடு இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்த ஏற்பாட்டை எது நிலைக்க வைத்தது, எது பிற்காலத்தில் கைவிட்டுப் போனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பொ.ஆ.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் ஏழாம் தூண் சாசனத்தில், சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும் கிணறுகள் வெட்டியதையும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைத்ததையும் குறிப்பிடுகிறார். தமிழகத்தில் இதற்கு இணையாக எல்லோரும் அறிந்தது அப்பூதி அடிகளின் கதை. திங்களூரில் அவர் திருநாவுக்கரசரின் பெயரிலேயே தண்ணீர்ப் பந்தல் வைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நாவுக்கரசர் 7-ஆம் நூற்றாண்டினர், பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழாரோ 12-ஆம் நூற்றாண்டினர். ஆகவே இக்கதையைச் சேக்கிழார் கால வழக்கத்துக்கான சான்றாகக் கொள்வதே பொருத்தம். பெரியவர் ஒருவர் பெயரால் சாலையோரம் பந்தல் வைப்பது அன்றைய மக்களுக்குப் பழகிய அறமாக இருந்திருக்க வேண்டும்.

புராணம் சொல்லாத நடைமுறைக் கணக்கைக் கல்வெட்டு சொல்கிறது. செய்யாறு வட்டாரத்திலுள்ள உக்கல் ஊர்ப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. பெருவழியோரம் அரசன் பெயரால் ஒரு கிணறும் தொட்டியும் அமைத்துத் தண்ணீர்ப் பந்தல் நடத்தியதை அது பதிவு செய்கிறது. கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் இறைப்பவருக்கு இவ்வளவு நெல், பந்தலில் நின்று வழிப்போக்கருக்குத் தண்ணீர் வார்ப்பவருக்கு இவ்வளவு, மண்கலம் கொடுக்கும் குயவருக்கு இவ்வளவு, கிணறும் தொட்டியும் பழுதுபட்டால் சீர்செய்ய இவ்வளவு என்று தனித்தனியே பிரித்து எழுதியிருக்கிறார்கள். கிணறு வெட்டுவது ஒருமுறைச் செலவு. இறைப்பதும் வார்ப்பதும் உடைந்த பானையை மாற்றுவதும் ஆண்டுதோறும் வரும் செலவு. அந்த ஆண்டுச் செலவைக் கொடையாளியின் மனநிலைக்கு விடாமல் கல்லில் ஏற்றியதுதான் உக்கல் சாசனத்தின் பெருமை. சோழர் கால நீர்நிலைகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். கலயத்தில் நீர் வார்த்து நின்ற அந்தக் கூலியாள் மீது நம் ஆய்வுகளின் கண் போதிய அளவு படவில்லை என்பது என் ஆதங்கம்.

நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் சாலைகளும் சத்திரங்களும் இந்த வழியிலேயே வந்தன. சுமை தூக்கிச் செல்வோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்க ஊர்தோறும் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. பேருந்தும் இரயிலும் வந்து நடைப்பயணம் குறைந்தபின் சத்திரங்களும் சுமைதாங்கிகளும் மெல்ல வழக்கொழிந்தன.

பந்தல் மட்டும் மறையவில்லை, கை மாறியது. சித்திரை பிறக்கும் முன்பே அரசியல் கட்சிகளும் இரசிகர் மன்றங்களும் வணிகர் சங்கங்களும் நீர்மோர்ப் பந்தல் திறக்கின்றன. முதல் நாளில் தர்ப்பூசணிக் கீற்று, இளநீர், வெள்ளரிப்பிஞ்சு, மோர் எல்லாம் கிடைக்கும். ஒரு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போனால் கீற்றுக் கொட்டகையும் ஃபிளெக்ஸ் பேனரும் இருக்கும். மணல் மேட்டில் வைத்த பானை வறண்டு கிடக்கும். சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளரில் தூசி படிந்திருக்கும். நாள்தோறும் நீர் நிரப்பிப் பானை கழுவும் பந்தல்களும் உண்டு. அங்கெல்லாம் அக்கம்பக்கத்துக் கடைக்காரர் ஒருவரோ ஒரு மூதாட்டியோ அதைத் தம் பொறுப்பாக ஏற்றிருப்பார்கள். கொடை குறையவில்லை. ஆண்டுச் செலவுக்கான ஏற்பாடுதான் அறுந்துபோயிற்று.

வெயிலை அரசு ஒரு பேரிடராகக் கணக்கிலெடுக்கத் தொடங்கியது மிக அண்மையில்தான். 2003 மே 31-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்போது அதற்கென்று நகரத்துக்குத் திட்டம் எதுவும் பிறக்கவில்லை. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டபோது, அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். வெயிலில் இறந்தவர் என்று எழுதப்படாமல், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று பல பெயர்களில் பதிவாகும் சாவுகளை மொத்த இறப்புக் கணக்கை ஒப்பிட்டுத்தான் காண முடிந்தது. அதன் விளைவாக 2013-இல் அகமதாபாத் மாநகராட்சி வெளியிட்டதே தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டம். நிற எச்சரிக்கைகள், மருத்துவர்களுக்குப் பயிற்சி ஆகியவற்றோடு குடிநீர் வழங்கும் இடங்களும் நிழலிடங்களும் அதில் சேர்ந்தன. பழைய தண்ணீர்ப் பந்தல் அரசு ஆவணத்துக்குள் திரும்பி வந்தது இப்படித்தான்.

ஆனால் ஒரு நகரத்தின் முறையை மற்றொன்று அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. சோத்பூரில் நீர்த்துளி தெளித்தும் வெட்டிவேர்த் தட்டியை நனைத்தும் குளிர்விக்கிறார்கள். வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அங்கே இது நன்றாகப் பலிக்கும். கடலோரச் சென்னையில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். தெளித்த நீர் சீக்கிரம் ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும். வியர்வையும் உலராது, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபடும். காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பமானி 35 டிகிரியைக் காட்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் நலமான ஒருவரால்கூடப் பல மணி நேரம் தாங்க முடியாது. ஆகவே நம் கரையோர நகரங்களுக்கு அடர்ந்த நிழல், வேகமான மின்விசிறி, குடிநீர், உப்பு கலந்த மோர் அல்லது உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆகியவையே தேவை. மூடிய குளிரூட்டிய அறையாக இருந்தால் இன்னும் நல்லது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணத்தோடு, தண்ணீர்ப் பந்தல்களுக்கும் பேரிடர் நிதியைச் செலவிட இது வழிசெய்தது. 2025-இல் சென்னை மாநகராட்சி உணவு விநியோக ஊழியர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது. இரண்டும் மனமார வரவேற்கத்தக்கவை. ஓய்வறையின் பயன் பெருகக் கட்டடத் தொழிலாளி, தூய்மைப் பணியாளர், நடைபாதை வியாபாரி ஆகியோருக்கும் கதவு திறக்கவேண்டும். பகல் 12 மணிமுதல் 4 மணிவரை யாராவது ஒருவர் அங்கே இருக்கவேண்டும். பேரிடர் நிதி ஒதுக்கும் ஒவ்வொரு மாநகராட்சியும் கொட்டகைக்கும் தொட்டிக்கும் எழுதும் அதே பட்டியலில், தண்ணீர் ஊற்றுபவரின் கோடைக்காலச் சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் தனித் தலைப்பு ஒதுக்கவேண்டும். உக்கலில் அதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.