லைன் வீட்டின் விலை ஒரு புள்ளி

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் பையனோ பெண்ணோ நாலைந்து சிநேகிதர்களோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பல முகம் கொண்ட பகடைகள், பென்சில், காகிதம், தலையணை கனத்துக்குப் புத்தகங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பார்கள். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட விளையாட்டு. தாயக்கட்டை மாதிரி காயை நகர்த்தி மலையேறிப் பழம் எடுப்பது இல்லை. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் வாழ்வார்கள்.

பெற்றோருக்கு உடனே வரும் கேள்வி: இதில் பிள்ளைகளுக்கு ஆகாத சமாச்சாரம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் நாம் தேடும் பக்கத்தில் இல்லை என்பதுதான் என் கட்சி. நான் பங்காருபேட்டைக்காரன். அந்த விளையாட்டுகளில் ஊர் கட்டும் விதிகளைப் படித்தபோது எனக்குப் பக்கத்து ஊரான கோலார் தங்கவயல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் விளையாட்டு, நிறைய சரித்திரம்.

விதிப் புத்தகத்தில் ஊர்

இந்த வகை விளையாட்டில் வீரன் கடைசிவரை பூதத்தோடு சண்டை போட்டுக்கொண்டே இருப்பதில்லை. ஓரளவு வளர்ந்ததும் கோட்டை கட்டுவான், குடிகளைச் சேர்ப்பான், வரி வாங்குவான். கைகாக்ஸ் 1979-ல் ஆட்டத்தை நடத்துபவருக்கென்று எழுதிய புத்தகத்தில் மதில் கட்ட என்ன செலவு, எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம் கணக்கு உண்டு. சுரங்கம் தோண்டவும் ஓர் அட்டவணை உண்டு. எந்த இனத்தான் எட்டு மணி நேரத்தில் எவ்வளவு பாறையை வெட்டுவான் என்று அதில் பட்டியல் போட்டிருக்கும். மனிதனுக்கு ஒரு கணக்கு, குள்ளர் இனத்துக்கு வேறு கணக்கு.

அதே புத்தகத்தில், இரவில் நகரத் தெருவில் யார் யாரைச் சந்திக்கலாம் என்று பகடை உருட்டிப் பார்க்கும் பட்டியலும் இருந்தது. விலைமகளிரை வகை வகையாகப் பிரித்து எழுதிய அந்தப் பகுதியை விளையாடுபவர்கள் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். பிற்பாடு, 2002-ல், தீமைகளைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் போட்ட வெளியீட்டு நிறுவனம், முதிர்ந்த வாசகர்களுக்கு மட்டும் என்று அட்டையிலேயே எச்சரிக்கை போட்டது. மறு வருஷம் காமத்தை வைத்து வேறொரு நிறுவனம் புத்தகம் கொண்டுவரப்போவதாக அறிவித்ததும், தன் முத்திரையைப் பயன்படுத்துவோருக்குக் கண்ணியக் கட்டுப்பாடு விதித்தது.

2010-ல் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டுக்கு கிங்மேக்கர் என்ற தொடர் வந்தது. காட்டைத் திருத்தி நாடு உண்டாக்கும் கதை. அதில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் விலை உண்டு, பலன் உண்டு. பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என்று மூன்று மதிப்புகள். நாலாவதாக அமைதியின்மை. அது 20-ஐத் தொட்டால் ராஜாங்கம் கலைந்துவிடும். அந்தக் கட்டடப் பட்டியலில் விபசார விடுதியும் ஒன்று. 2013-ல் அதே விதிகளைத் திருத்தி வேறு புத்தகத்தில் போட்டபோது அதை நடனக் கூடம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். யாருக்கும் சங்கடம் இல்லை, பெற்றோருக்கும் நிம்மதி.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது. நல்ல வீடு கட்ட 3 புள்ளி. ஏழைகள் அடைந்து கிடக்கும் மலிவு வீட்டுக்கு 1 புள்ளி, கூடவே அமைதியின்மை 2 ஏறும். இந்த வரிக்கு எச்சரிக்கையும் இல்லை, பெயர் மாற்றமும் இல்லை. எங்கள் பக்கத்து ஊரின் நூறு வருஷச் சரித்திரம் இந்த ஒரு வரிக்குள் அடங்கும் என்று சொன்னால் நம்புவீர்களா?

தங்கவயலின் விதிகள்

1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, அந்தப் பக்கத்துக் கிராமத்தார் மண்ணிலிருந்து தங்கம் எடுப்பதைக் கேள்விப்பட்டு எழுதி வைத்தார். அதைப் படித்துவிட்டு 1870-களில் மைக்கேல் லவெல் என்ற ஓய்வு பெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த பிறகுதான் ஊர் உண்டானது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வரிசையாக இறங்கின. 1901-ல் எடுத்த குடிக்கணக்கில் 38,000-க்கும் மேல் ஜனம்.

எங்கள் பங்காருபேட்டையும் இதே ஆட்டத்தின் ஒரு கட்டம்தான். 1860-களில் மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் அது அப்போது பௌரிங்பேட்டை. 1894-ல் அங்கிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளை ரயில் போட்டார்கள். நிலக்கரியும் இயந்திரமும் மட்டுமா அந்த ரயிலில் போயின? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து, பஞ்சத்துக்கும் பண்ணையார் அடிக்கும் தப்பி வந்த ஆயிரமாயிரம் குடும்பங்களும் போயின. பெரும்பாலோர் தமிழ் பேசும் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் நிலமில்லை, தெருவில் நடக்க உரிமையில்லை. தங்கவயலில் கூலியாவது காசாகக் கைக்கு வந்தது. இதை மறக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் ஏமாந்து போய்ச் சேர்ந்தவர்கள் மட்டும் அல்ல, கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களும்கூட.

போன இடத்தில் என்ன விதி? யார் எங்கே இருப்பது என்பதுதான் முதல் விதி. மேட்டில் வெள்ளைக்காரர்களின் பங்களா, கிளப், தோட்டம், தேவாலயம். குட்டி இங்கிலாந்து என்றே அதற்குப் பேர். சுரங்கத்தை ஒட்டி வரிசை வரிசையாக மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறைக் குடிசைகள். அதற்கு லைன் என்று பேர். இன்றைக்கும் எங்கள் பக்கம் விலாசம் சொல்லும்போது லைன் என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

யார் என்ன வேலை செய்வது என்பது அடுத்த விதி. கார்ன்வாலிலிருந்து வந்தவர்களும் மற்ற ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மேற்பார்வை. பஞ்சாபிகள் காவல். தமிழன் பாறைக்கு. கைகாக்ஸ் அட்டவணையில் குள்ளர், மனிதர் என்று இருந்ததே, அது கற்பனை. இது நிஜம்.

மூன்றாவது விதி விளக்குக்கு. 1902-ல் காவிரியில் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது. நம் ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்ளும் விஷயம் இது, நானும் தட்டுவேன் :-) ஆனால் அந்த மின்சாரம் வந்தது இயந்திரத்துக்கு. வரிசையில் லைன் வீடு கடைசி.

நாலாவது விதி உடம்புக்கு. ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவனைச் சோதனை போடாமல் விடமாட்டார்கள். தங்கம் திருடியிருப்பான் என்பதுதான் ஆரம்பமே. மைசூர் அரசுக்கும் இதில் பங்கு உண்டு. எடுக்கும் தங்கத்தில் நூற்றுக்கு 5 ராயல்டி, சாராயக் கடைகளிலிருந்து கலால் வருமானம் வேறு. தொழிலாளி குடித்தாலும் லாபம், குடிக்காமல் தோண்டினாலும் லாபம்.

ஐந்தாவது விதியை யாரும் எழுதி வைக்கவில்லை, நுரையீரல்தான் எழுதிக்கொண்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அத்தனை ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும், ஆட்கள் புதைவார்கள். தப்பியவனுக்குத் தூசி. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. இந்தியாவில் அந்த நோய் முதலில் பதிவானதே எங்கள் தங்கவயலில்தான்.

இப்போது சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஆகாத பக்கம் எது? நடனக் கூடமா, 1 புள்ளி வீடா?

அமைதியின்மை என்பதன் அர்த்தம்

அந்த விளையாட்டு விதிகளில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. எல்லாக் கணக்கும் ராஜாவின் நாற்காலியிலிருந்து எழுதப்பட்டது. குடிகள் முணுமுணுத்தால் அது அமைதியின்மை, குறைக்க வேண்டிய எண். லைனிலிருந்து பார்த்தால் அதே எண்ணுக்கு வேறு பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை ஏற்பட்டுவிட்டது. மணிக்கணக்காகப் பாறைக்கடியில் கிடந்தவர்கள் மேலே வந்து கூட்டம் போட்டு, புத்தரைப் பற்றியும் சாதியைப் பற்றியும் விவாதித்தார்கள். பண்டிதரின் காலத்துக்குப் பிறகு அவருடைய ‘தமிழன்’ பத்திரிகை 1920-களில் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகமாக்கிக் காப்பாற்றியது. அவரை இன்று பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள் என்றால் அதற்கு லைன் வீட்டுக் கூலிக் காசும் ஒரு காரணம்.

1930-ல் கம்பெனிகள் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தன. குற்றவாளிக்கு எடுப்பதை எங்களுக்கு எடுப்பதா என்று ஜனம் கொதித்தது. அந்த வருஷம் ஏப்ரலில் சுரங்கங்கள் நின்றன. கூலி உயர்வுக்காக மட்டும் நடந்த சண்டை இல்லை அது, மானத்துக்காக. 1940-களில் தொழிற்சங்கங்கள் வலுத்தன. 1946-ல் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். விதிப் புத்தகக்காரர் பாஷையில் இவை எல்லாம் அமைதியின்மை. எங்கள் பாஷையில் இவைதான் ஊர் கட்டியது.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2018-லும் 2022-லும் வந்த ‘கே.ஜி.எஃப்’ கன்னடப் படங்களால் எங்கள் ஊர்ப் பெயர் உலகமெல்லாம் தெரிந்துவிட்டது. அங்கே இருக்கும் சயனைடு மேடுகளிலேயே படம் எடுத்தார்கள். படத்தில் நராச்சி என்றொரு கற்பனைச் சுரங்கம், அடிமைகள் வாய்மூடிக் கிடப்பார்கள், வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து விடுவிப்பான். பொழுதுபோக்குக்குச் சரி. ஆனால் நிஜத் தங்கவயலில் வெளியிலிருந்து எந்த வீரனும் வரவில்லை. தமக்காகப் பேசவும் படிக்கவும் அச்சடிக்கவும் வேலையை நிறுத்தவும் லைன் ஜனத்துக்கே தெரிந்திருந்தது.

கோடும் திரையும்

மேசை விளையாட்டுக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2000-களின் தொடக்கத்தில் எழுதியது. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். நம் மேசையில் வரவே கூடாத விஷயம் எது? அது கோடு. அவர்கள் சொல்லும் ஆங்கில வார்த்தை லைன் :-) நடந்தது என்று தெரியலாம், ஆனால் விவரிக்க வேண்டாம் என்பது எது? அது திரை.

வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு ஊர்க்கதை சொல்லும் நமக்கு இது உபயோகமான யோசனை. பாறை வெடித்துச் செத்தவன் உடல் எப்படி இருந்தது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் விவரிக்க வேண்டாம், திரை போடலாம். ஆனால் நாம் பெரும்பாலும் திரை போடவேண்டிய இடத்தில் கோடு கிழித்துவிடுகிறோம். தாத்தா மைன்ஸில் வேலை பார்த்தார் என்று நிறுத்திக்கொள்கிறோம். எந்த சாதி, எந்த லைன், ஏன் ஊரைவிட்டு வந்தார், ஏன் இருமினார் என்பதெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. மிஞ்சுவது கிளப்பும் குட்டி இங்கிலாந்தும் கிறிஸ்துமஸ் கேக்கும்தான்.

எந்த விதிப் புத்தகத்திலும் நான் பார்க்காத அத்தியாயம் ஒன்று உண்டு. தங்கம் தீர்ந்த பிறகு என்ன? 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர். 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் போயிருந்தது. மிச்சம் சயனைடு மேடுகள், காற்றடித்தால் பறக்கும் தூசி, ஆயிரக்கணக்கான லைன் வீடுகள். ராஜா ஆட்டத்தை விட்டு எழுந்து போனார். குடிகள் எழுந்து போகவில்லை. விடியற்காலை மாரிகுப்பத்திலிருந்து புறப்பட்டு, பங்காருபேட்டை வழியாக பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேறினார்கள். தட்டியும் தகரமுமாக ஆரம்பித்த வீட்டில் அங்கங்கே செங்கல் சுவர் எழும்பியது.

ஆகவே உங்கள் பிள்ளை ஊர் கட்டும் ஆட்டம் ஆடினால் தடுக்காதீர்கள். ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். எல்லோரும் ராஜாவும் மந்திரியுமாக இருக்க வேண்டாம். இரண்டு பேராவது அந்த 1 புள்ளி வீட்டில் குடியிருக்கட்டும். தண்ணீர் எங்கே பிடிப்பது, மேஸ்திரிக்கு எவ்வளவு அழுவது, சோதனையில் எப்படி நிற்பது, ராத்திரி யார் வீட்டில் கூடிப் பத்திரிகை படிப்பது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அமைதியின்மை ஏறும்போது அந்த இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். தாத்தாவின் கதையைத் தொடங்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.