திருவண்ணாமலையில் காணத்தக்க இடங்கள்

திருவண்ணாமலை தமிழ்நாட்டின் வட பகுதியில் அமைந்துள்ள கோயில் நகரம் ஆகும். 1989 இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இது மாவட்டத் தலைநகரானது. 2024 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இங்கு வருவோர் பலர் அருணாசலேசுவரர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றனர். ஆனால் இவ்வூரின் முதன்மையான காட்சி, ஏறத்தாழ 814 மீட்டர் (2,668 அடி) உயரமுடைய மலையே ஆகும். சைவ மரபில் மலையே இலிங்கமாகக் கொள்ளப்படுவதால் கோயில், குகைகள், ஆசிரமங்கள் யாவும் அதனைச் சார்ந்தே அமைந்துள்ளன.

கோயில்

மலையின் கிழக்கு அடிவாரத்தில் சுமார் 25 ஏக்கர் பரப்பில் கோயில் அமைந்துள்ளது. கிழக்கு இராசகோபுரம் 11 நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. இதனைக் கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்பர் முடித்தார். உள்ளே ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைத் தீர்த்தம், இளமையில் இரமண மகரிசி தங்கியிருந்த பாதாள லிங்கம் ஆகியவை காணத்தக்கவை. நண்பகலில் நடை சாத்தப்படும்.

2002 இல் இந்தியத் தொல்லியல் துறை இக்கோயிலைத் தன் பொறுப்பில் எடுக்க முற்பட்டது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்ததால் அம்முடிவு பின்னர் கைவிடப்பட்டது. கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிருவாகத்திலேயே உள்ளது.

மலைவலம்

மலையைச் சுற்றியுள்ள பாதை 14 கி.மீ. நீளமுடையது. வெறுங்காலுடன், மலை வலப்புறம் இருக்குமாறு நடப்பது வழக்கம். நடக்க நான்கு மணி நேரம் ஆகலாம். முழுநிலவு நாட்களில் இலட்சக்கணக்கானோர் திரள்வர். அன்று கூட்டத்தைக் காணலாமேயன்றி மலையை நிதானமாகக் காண இயலாது. மலையின் தோற்றம் திருப்பத்துக்குத் திருப்பம் மாறுவதைக் கவனிக்க விரும்புவோர் வேறொரு நாளில் விடியற்காலையில் நடப்பது நன்று.

இந்திரன் முதல் ஈசானன் வரை எட்டுத் திசைக் காவலர்களின் பெயரால் எட்டு இலிங்கங்கள் வழியில் உள்ளன. தெற்கே, செங்கம் சாலையில் இரமணாசிரமமும் சேசாத்திரி சுவாமிகள் ஆசிரமமும் அருகருகே அமைந்துள்ளன. மலையின் பின்புறத்தில் ஆதி அண்ணாமலையார் கோயில் உள்ளது. பெரிய கோயிலின் நெரிசலை அறியாத இக்கோயில், பலரால் கவனிக்கப்படாமலேயே கடந்து செல்லப்படுகின்றது. குபேர லிங்கத்தை அடுத்துள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய வாயிலினுள் ஒருக்களித்தே நுழைய முடியும்.

மலைச்சரிவு

இரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கல் பாவிய பாதை ஒன்று கந்தாசிரமத்துக்குச் செல்கின்றது. இரமணர் 1916 முதல் 1922 வரை இங்கு வாழ்ந்தார். அதற்கு முன் 1899 இலிருந்து, சற்றுக் கீழே உள்ள விரூபாட்சக் குகையில் தங்கியிருந்தார். கோயிலின் நான்கு பெருங்கோபுரங்களையும் மதில்களையும் ஒருசேரக் காண, கந்தாசிரமத்துக்குச் சற்று முன்னுள்ள பாறையே சிறந்த இடம். தரையில் நிற்பவருக்குப் புலப்படாத கோயிலின் செவ்வக அமைப்பு, வரைபடத்தைப் போல் இங்கிருந்து விளங்கும்.

உச்சிக்கு வனத்துறையின் அனுமதியின்றி ஏறக்கூடாது. கார்த்திகைத் தீபத்தன்று உச்சியில் கொப்பரையில் ஏற்றப்படும் நெருப்பு, பதினொரு நாட்கள் தொடர்ந்து ஒளிரும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையால் அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறைகளும் சரிந்து வீடு ஒன்றின் மீது விழுந்தன. ஐந்து சிறார் உட்பட எழுவர் உயிரிழந்தனர். அவ்வாண்டு தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. சரிவுகளில் வீடுகள் நெருங்கிக் கட்டப்பட்டுள்ளதைப் பாதையிலிருந்தே காணலாம். ஒரு காலத்தில் பெரிதும் மொட்டையாக இருந்த இம்மலையில் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக மரம் வளர்த்து வருகின்றனர். கோடையில் காட்டுத்தீ மூளும் ஆபத்து உண்டு; ஆகவே மலையில் கற்பூரம் கொளுத்துதல் தவிர்க்கப்பட வேண்டும்.

சுற்றுவட்டாரம்

தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958 இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை, நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கு பூங்காவும் முதலைப் பண்ணையும் உள்ளன. கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் செஞ்சிக் கோட்டை உள்ளது. மராத்தியக் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக 2025 இல் இது யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

செல்லும் வழி

சென்னையிலிருந்து சாலை வழியே சுமார் 190 கி.மீ. தொலைவு. விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதையில் தொடர்வண்டி நிலையம் உள்ளது. முழுநிலவு நாட்களில் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. அந்நாட்களில் தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும்.