கட்டிக்கினவளும் வச்சிக்கினவளும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் குடும்பத் தகராறு எதைப் பேச உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி முந்திக்கொண்டு வரும்: “இவ கட்டிக்கினவளா, வச்சிக்கினவளா?” கட்டுவதும் ஆண், வைப்பதும் ஆண். வைப்பாட்டி என்ற சொல்லில் பெண் ஒரு வைப்புப் பொருள். வைத்திருப்பவனுக்கு அப்படியொரு இழிபெயரை நாங்கள் கேட்டதில்லை.

இதை ஊர்க்காரர்களின் வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிட முடியாது. சாஸ்திரமும் சட்டமும் சேர்ந்து வளர்த்த சொல் இது. பழைய இந்து சட்டத்தில் இவள் ‘அவருத்த ஸ்திரீ’. அடைத்து வைக்கப்பட்டவள் என்று பொருள். இவள் பெற்ற மகனுக்கு, தகப்பன் சூத்திரன் என்றால் சொத்தில் பங்கு உண்டு. இருபிறப்பாளன் என்றால் ஜீவனாம்சம் மட்டும். மேல்சாதிச் சொத்து கைமாறிவிடக் கூடாது என்பதில் எவ்வளவு கவனம் பாருங்கள்!

புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் தப்பவில்லை. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில், அப்படி நடந்த திருமணம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஊரறிய மணமுடித்தவள் ஒரே தீர்ப்பில் மனைவி இல்லை என்றாகிவிட்டாள். அண்ணா ஆட்சியில் வந்த 7-ஏ பிரிவு, 1968 ஜனவரியில்தான் பழைய திருமணங்களையும் சேர்த்துச் செல்லத்தக்கதாக்கியது.

எங்கள் மக்களிடம் அறுத்துக் கட்டும் வழக்கம் பழையது. ஒத்துவராவிட்டால் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு வேறு துணை தேடிக்கொள்வார்கள். ‘அறுத்துக் கட்டுற சாதி’ என்று அதையே வசவாக்கினார்கள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வழக்காற்று மணவிலக்கை ஏற்கிறது. ஆனால் வழக்காறுதான் என்று நிரூபிப்பது அவள் பாடு.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘திருமணத்தின் தன்மையுள்ள உறவு’ என்றது. நல்ல சொல். ஆனால் 2010 அக்டோபரில், கோவையிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘கீப்’ என்றே எழுதியது. ஆண் காசு கொடுத்துப் பாலுறவுக்காகவோ வேலைக்காரியாகவோ வைத்துக்கொண்டவளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதாம். இந்திரா ஜெய்சிங் அந்தச் சொல்லை நீதிமன்றத்திலேயே எதிர்த்தார். எங்களை அதைவிட உறுத்தியது ‘வேலைக்காரி’தான். ஆண்டை நிலத்தில் நாற்று நட்டு, கொட்டகையில் சாணி அள்ளி, அவன் பிள்ளையையும் பெற்றெடுத்த சேரிப் பெண்ணை எந்தக் கணக்கில் வைப்பது?

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஒரு கையேடு போட்டு, ‘கீப்’ என்று எழுதாதீர்கள் என்றது. சுயமரியாதைத் திருமணத்தைப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்ற தீர்ப்பும் அதே மாதம் வந்தது. சாதி மறுத்துக் கட்டிக்கொண்டு உயிருக்குப் பயந்து ஓடும் பிள்ளைகளுக்குக் கையேட்டைவிட இதுவே பெரிது.

மனுக்களில் நாங்கள் ‘துணைவர்’, ‘இணையர்’ என்றுதான் எழுதுகிறோம். போன மாதம் ஓர் அலுவலகத்தில் அதை வாங்கி நிதானமாகப் படித்தவர், அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “அதெல்லாம் சரி, தாலி கட்டுனாரா?”