துனீசியாவின் நான்கு அரசமைப்புகள்

துனீசியா 1861, 1959, 2014, 2022 ஆகிய ஆண்டுகளில் நான்கு அரசமைப்புச் சட்டங்களை இயற்றியிருக்கிறது. அவற்றில் முதலாவது, அரபு நாடுகளில் எழுத்து வடிவம் பெற்ற முதல் அரசமைப்பு. அந்த நாட்டின் விடுதலை இயக்கமே தன் கட்சிக்கு அரசமைப்பின் பெயரைச் சூட்டிக்கொண்டது. சட்டத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த நாடுகள் அதிகம் இல்லை. ஆனால் ஆள்பவர் சட்டத்தை மீறும்போது எழுந்து தடுக்கக்கூடிய அமைப்பு ஒன்று, அவருடைய தயவில்லாமல் நிலைத்து நின்றதும் அங்கே அரிது. துனீசிய அரசியலின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றில் அடிக்கடி தலைகாட்டும் குறை அது.

1705இல் ஹுசைன் இப்ன் அலி நிறுவிய அரச மரபு 1957 வரை துனிஸில் ஆண்டது. ‘பே’ என்ற பட்டம் தாங்கிய இம்மன்னர்கள் பெயருக்கு இஸ்தான்புல் சுல்தானின் ஆளுநர்கள். நடைமுறையில் தன்னாட்சி மன்னர்கள். 1830இல் பிரான்ஸ் பக்கத்து நாடான அல்ஜீரியாவில் படையிறக்கியதும் இந்த நிலை ஆட்டம் கண்டது. மேற்கே பிரெஞ்சுப் படை, கிழக்கே திரிப்போலியை மீண்டும் தன் நேரடி ஆட்சியில் எடுத்துக்கொண்ட உதுமானியப் பேரரசு. இரண்டுக்கும் நடுவில் பிழைக்க வேண்டுமானால் நாட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று 1837இல் பட்டத்துக்கு வந்த அகமது பே கருதினார். ஐரோப்பிய முறையில் படை திரட்டினார், பார்தோவில் ராணுவப் பள்ளி தொடங்கினார், 1846இல் அடிமை முறையை ஒழித்தார். பிரான்ஸ் தன் காலனிகளில் அதை ஒழிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே இது நடந்தது. ஆனால் புதிய படை கருவூலத்தைக் காலி செய்தது.

முதல் உரிமைச் சாசனம் பிறந்தது ஒரு மரண தண்டனையிலிருந்து. 1857இல் பாத்தோ ஸ்ஃபேஸ் என்ற யூத வண்டியோட்டி, சச்சரவு ஒன்றில் இஸ்லாத்தை இழித்துப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். பிரெஞ்சு, பிரித்தானியத் தூதர்கள் இதைப் பிடித்துக்கொண்டு சீர்திருத்தம் கேட்டார்கள். பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துனிஸின் துறைமுகமான கோலெத்துக்கு வந்து நின்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் முகமது பே ‘அஹ்துல் அமான்’ எனும் பாதுகாப்பு உறுதிமொழியை அறிவித்தார். மதம் எதுவானாலும் உயிர், உடைமை, மானம் மூன்றுக்கும் பாதுகாப்பு, சட்டத்தின் முன்னும் வரியிலும் சமத்துவம், வழிபாட்டு உரிமை. இவற்றுடன், வெளிநாட்டவர் நிலம் வாங்கவும் தொழில் நடத்தவும் வழி திறந்துவிடப்பட்டது. தூதர்களின் அக்கறைக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்த முகமது அல் சாதிக் பே இந்த உறுதிமொழியை முழு அரசமைப்பாக விரித்தார். 1860இல் அல்ஜியர்ஸில் மூன்றாம் நெப்போலியனைச் சந்தித்து வரைவை அவரிடம் அளித்தார். 1861 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அறுபது உறுப்பினர் கொண்ட பெருமன்றம் ஒன்று அமைந்தது; சட்டம் இயற்றுவதிலும் வரவு செலவிலும் அதன் ஒப்புதல் தேவை. அமைச்சர்கள் அதற்குப் பொறுப்பானவர்கள். மன்னரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுதியது அக்காலத்துக்குப் பெரிய துணிவு.

காகிதத்தில் இருந்த இந்தத் துணிவு மன்றத்துக்குள் இல்லை. உறுப்பினர்களை நியமித்தவர் பே. அரண்மனையில் செல்வாக்கெல்லாம் முஸ்தபா கஸ்நதார் கையில். கியோஸ் தீவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டுத் துனிஸுக்கு வந்தவர். 1837 முதல் 1873 வரை முதன்மை அமைச்சராக இருந்து பெரும் செல்வம் சேர்த்தார். பெருமன்றத்தின் தலைவரான கைருத்தீனும் காக்கேசியாவிலிருந்து அடிமையாக வந்தவர்தான், கஸ்நதாரின் மருமகனும்கூட. ஆனால் அவருடைய போக்கு வேறு. மாமனாரின் முறைகேடுகளுக்குச் சட்டப் போர்வை போர்த்தவே மன்றம் பயன்படுகிறது என்று கண்டு 1862இல் பதவி விலகினார். ஆள்பவரின் அதிகாரத்துக்கு வரம்பிட்டதும் ஆலோசனை மன்றங்களும் நீதியும்தான் ஐரோப்பாவின் செழிப்புக்குக் காரணம் என்று வாதிடும் நூலை 1867இல் வெளியிட்டார். சொந்த அனுபவம் கொடுத்த கசப்பு அந்த வாதத்துக்கு வலு சேர்த்திருக்க வேண்டும்.

முதல் அரசமைப்பை வீழ்த்தியது கடனும் வரியும். 1863இல் பாரிஸ் வங்கியாளர் எர்லாஞ்சரிடம் வாங்கிய பெருங்கடனின் சுமையைக் குடிகள் தலையில் ஏற்றினார்கள். ‘மெஜ்பா’ என்ற தலைவரி 36 பியாஸ்டரிலிருந்து 72 பியாஸ்டராக உயர்ந்தது. 1864 வசந்தத்தில் மேற்கு மலைப்பகுதிக் குலங்கள் அலி பென் கதாஹம் தலைமையில் கிளர்ந்தன. கடலோர ஊர்களும் சேர்ந்துகொண்டன. கிளர்ச்சியாளர்கள் கேட்டவற்றில் வரிக் குறைப்புடன் அரசமைப்பை நீக்குவதும் இருந்தது! தொலைவிலிருந்த புதிய நீதிமன்றங்களும் பழக்கமில்லாத நடைமுறைகளும் அவர்களுக்குத் தொல்லையாகவே தெரிந்தன; உரிமைச் சட்டமும் இரட்டிப்பு வரியும் ஒரே அரண்மனையிலிருந்து வந்தபோது இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குக் காரணம் இல்லை. பிரெஞ்சுத் தூதரும் அரசமைப்பை நிறுத்தும்படி அழுத்தினார். மே மாதத் தொடக்கத்தில் பே அதை நிறுத்தி வைத்தார். பிறகு கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கடலோர ஊர்கள் கொடும் தண்டத்தொகை கட்டி நொடிந்தன.

கடன் தீரவில்லை. 1869இல் பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி மூன்றும் சேர்ந்த நிதி ஆணையம் நாட்டின் வருவாயைக் கையில் எடுத்தது. 1873 முதல் 1877 வரை முதன்மை அமைச்சராக இருந்த கைருத்தீன் நிர்வாகத்தைச் சீர்படுத்த முயன்றார். 1875இல் அவர் நிறுவிய சாதிக்கி கல்லூரி பிற்காலத் தேசியவாதிகள் பலரை உருவாக்கியது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1881 மே 12 அன்று பிரெஞ்சுப் படை சூழ்ந்திருக்க, பார்தோ ஒப்பந்தத்தில் பே கையெழுத்திட்டார். 1883இன் மர்ஸா உடன்படிக்கை உள்நாட்டு நிர்வாகத்தையும் பிரான்ஸிடம் ஒப்படைத்தது. பே அரியணையில் இருந்தார். ஆண்டவர் பிரெஞ்சு ரெசிடென்ட் ஜெனரல்.

குடிகளுக்கு வேண்டாததாக இருந்த அரசமைப்பு, காலனி ஆட்சியில் அவர்களுடைய கோரிக்கையாக மாறியது. எங்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது, அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பதில் பிரான்ஸால் எளிதில் மறுக்க முடியாத நியாயம் இருந்தது. 1920இல் அப்துல் அஸீஸ் தாலிபி முதலானோர் தொடங்கிய கட்சி ‘தஸ்தூர்’, அதாவது அரசமைப்பு, என்று பெயர் பெற்றது. 1934 மார்ச் 2 அன்று கஸர் ஹிலால் ஊரில் ஹபீப் புர்கீபா உள்ளிட்ட இளையவர்கள் பிரிந்து நவ தஸ்தூர் கட்சியை அமைத்துச் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றார்கள். 1938 ஏப்ரல் 9 அன்று துனிஸ் தெருக்களில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள் ஊர்வலத்தில் எழுப்பிய முழக்கம், துனீசியர்களுக்கென ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்பது. 1946இல் பர்ஹாத் ஹஷாத் உருவாக்கிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு இயக்கத்துக்கு மக்கள் பலம் கொடுத்தது; 1952 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டார்.

1956 மார்ச் 20 அன்று விடுதலை. ஐந்து நாளில் அரசமைப்பு அவைக்குத் தேர்தல். அந்த அவை 1957 ஜூலை 25 அன்று முடியாட்சியை ஒழித்துக் குடியரசை அறிவித்து, புர்கீபாவைத் தலைவராக்கியது. பலதார மணத்தைத் தடைசெய்து, மணவிலக்கை நீதிமன்றத்தின் வழிக்குக் கொண்டுவந்த தனிநபர் நிலைச் சட்டம் 1956 ஆகஸ்டிலேயே ஆணையாக வந்துவிட்டது. துனீசியப் பெண்களின் வாழ்வை வேறெந்தச் சட்டத்தையும்விட அதிகம் மாற்றிய அது, வாக்கெடுப்பில் பிறக்கவில்லை.

1959 ஜூன் 1 அன்று வந்த இரண்டாம் அரசமைப்பு எல்லா அதிகாரத்தையும் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தது. 1963 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு ஒரே கட்சிதான் சட்டப்படி இயங்கியது. 1975இல் திருத்தம் ஒன்று புர்கீபாவை ஆயுள்காலத் தலைவராக்கியது. 1987 நவம்பர் 7 அன்று, அவர் கடமையாற்ற இயலாதவர் என்று மருத்துவர்கள் கையெழுத்திட்ட சான்றிதழை வைத்து, பிரதமர் பென் அலி ஆட்சியை எடுத்துக்கொண்டார். அதற்கும் அரசமைப்பின் 57ஆம் பிரிவே துணையாகக் காட்டப்பட்டது. ஆயுள்காலப் பதவியை நீக்கி, மூன்று பதவிக்காலம் என்று 1988இல் வரம்பிட்டவரும் அவரே. 2002இல் பொது வாக்கெடுப்பு நடத்தி அந்த வரம்பை அகற்றியவரும் அவரே. அரசமைப்பு மன்றம் என்று ஒன்று இருந்தது. அது குடிமக்கள் வழக்குத் தொடுக்கும் நீதிமன்றம் அல்ல.

2010 டிசம்பர் 17 அன்று சீதி பூசித் நகரில் தெரு வியாபாரி முகமது புவஸீஸி தன்மேல் தீ வைத்துக்கொண்டார். நான்கே வாரத்தில், 2011 ஜனவரி 14 அன்று, பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். அக்டோபரில் 217 பேர் கொண்ட அரசமைப்பு அவை தேர்ந்தெடுக்கப்பட்டது. இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தாவுக்கு 89 இடங்கள். பெண்ணை ஆணுக்கு ‘நிறைவு செய்பவர்’ என்று குறித்த ஒரு வரைவுப் பிரிவு 2012 ஆகஸ்டில் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது, பிரிவு கைவிடப்பட்டது. 2013இல் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பெல்ஐதும், ஜூலை 25 அன்று அவை உறுப்பினர் முகமது பிராஹ்மியும் சுட்டுக் கொல்லப்பட்டபோது எல்லாமே சிதறும் நிலை. தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் கட்சிகளைப் பேச்சு மேசையில் உட்கார வைத்தன. அந்நால்வர் அணிக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2014 ஜனவரி 26 அன்று மூன்றாம் அரசமைப்பு 200 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்ப்பு 12 மட்டும்.

அதிகாரத்தைப் பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் பகிர்ந்த அச்சட்டத்துக்கு நடுவர் வேண்டும். பன்னிரண்டு உறுப்பினர் கொண்ட அரசமைப்பு நீதிமன்றம் அந்த வேலைக்கே எழுதப்பட்டது. நான்கு பேரை நாடாளுமன்றமும், நான்கு பேரை நீதித்துறை உயர் மன்றமும், நான்கு பேரைக் குடியரசுத் தலைவரும் தேர்வு செய்ய வேண்டும். நாடாளுமன்றத்தின் தேர்வுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 145 வாக்குகள் தேவை. எதிர்க்கட்சிக்குச் சாய்ந்தவர் வந்துவிடுவாரோ என்று ஒவ்வொரு கட்சியும் அஞ்சியதில், 2018இல் ஒரே ஒருவர் தேர்வானதோடு அது நின்றது. பழைய மன்னர்கள் நீதிமன்றத்தை விரும்பாததில் வியப்பில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த கட்சிகளே அதைப் பிறக்கவிடாமல் வைத்தது மன்னிக்க முடியாத அலட்சியம். வாக்குத் தேவையைக் குறைக்கும் திருத்தத்தை 2021இல் அவர்கள் நிறைவேற்றியபோது, 2019இல் பெரும்பான்மையுடன் வென்றிருந்த குடியரசுத் தலைவர் கைஸ் சையத், காலக்கெடு தவறிவிட்டது என்று சொல்லிக் கையெழுத்திட மறுத்தார். அவர் அரசமைப்புச் சட்டம் கற்பித்த ஆசிரியர்.

2021 ஜூலை 25 அன்று சையத் 80ஆம் பிரிவைக் காட்டிப் பிரதமரை நீக்கி, நாடாளுமன்றத்தை முடக்கினார். நெருக்கடிக் காலத்தில் நாடாளுமன்றம் இடைவிடாது கூடியிருக்க வேண்டும் என்பது அதே பிரிவு. முப்பது நாளுக்குப் பின் நெருக்கடி தொடர்கிறதா என்று தீர்ப்பளிக்க வேண்டியது அரசமைப்பு நீதிமன்றம் என்பதும் அதே பிரிவு. அந்த நீதிமன்றம் இல்லை. வேலையின்மையிலும் பெருந்தொற்றிலும் சலித்துப்போயிருந்த மக்களில் பலர் அன்றிரவு தெருவில் ஆரவாரம் செய்தார்கள். 2022 மார்ச்சில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

நான்காம் அரசமைப்பு 2022 ஜூலை 25 அன்று பொது வாக்கெடுப்புக்கு வந்தது. வரைவுக் குழுவின் தலைவரான சட்ட அறிஞர் சாதிக் பெல்ஐத், வெளியான வாசகம் தாங்கள் கொடுத்தது அல்ல என்று வாக்கெடுப்புக்கு முன்பே அறிவித்தார். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு. அவர்களில் 94 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. அரசு மீண்டும் குடியரசுத் தலைவர் கைக்கு வந்தது. அரசமைப்பு நீதிமன்றம் இதிலும் எழுதப்பட்டிருக்கிறது: ஒன்பது பேரும் மூத்த நீதிபதிகள், நியமன ஆணை குடியரசுத் தலைவருடையது. 2024 அக்டோபர் தேர்தல் வந்தபோதும் அது அமைந்திருக்கவில்லை.

அத்தேர்தலுக்கு முன், தள்ளப்பட்ட வேட்பாளர்கள் மூவரைப் பட்டியலில் சேர்க்க நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் ஆணையம் ஏற்க மறுத்தது. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, தேர்தல் வழக்குகளை அந்த நீதிமன்றத்தின் வரம்பிலிருந்தே எடுத்துவிடும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அக்டோபர் 6 அன்று வாக்களித்தவர்கள் 29 விழுக்காட்டுக்கும் குறைவு. சையத் 90 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு பெற்று மீண்டும் பதவியேற்றார்.