இல்லாத விரலின் இடம்

பெங்களூருவில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கும் சாலைக்கு எங்கள் ஊரின் பெயர்தான்: ஓசூர் ரோடு. எங்களூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அந்த வளாகத்துக்குள் மூளைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பதப்படுத்திய மனித மூளைகள் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக இருக்கும். பார்வையாளர்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றைத் தொட்டும் பார்க்கலாம். விபத்தில் இறந்தவர்களின் உறவினர்கள் சம்மதித்துக் கொடுத்தவையும் அவற்றில் உண்டு.

என் கையில் வைத்த மூளை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். எல்லோரும் நினைவு எங்கே, கோபம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது, "வலது கை விரல் இதுல எங்க சார் இருக்கு?"

சித்தப்பாவுக்காகக் கேட்டேன்.

சூளகிரிப் பக்கம் எங்கள் கிராமம். 1980-ஐ ஒட்டி ஓசூரில் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதர சிப்காட்டைச் சுற்றி சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. மானாவாரிக் கேழ்வரகை நம்பியிருந்த சித்தப்பா அப்படி ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். எண்ணிக்கை ஏறட்டும் என்று அங்கே ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டி வைத்திருந்தார்கள். ஒரு நைட் ஷிப்டில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின.

புண் ஆறியது. வலி ஆறவில்லை. "அந்த ரெண்டு வெரலும் மடங்கியே கெடக்குடா. நகம் உள்ளங்கையில குத்துது, நீட்ட முடியல" என்பார். இல்லாத விரல் எப்படிக் குத்தும்? கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். காசு கூடக் கேட்கத்தான் நடிக்கிறான் என்று ஆபீஸில் பேசினார்கள். சித்தி வேப்பிலை அடித்துப் பார்த்தாள்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உடம்புக்கு ஒரு பட்டியல் இருந்தது. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம், நடுவிரல் 12. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 26 அல்ல, 20. கட்டைவிரலுக்கு 30. போன விரலில் வரும் வலிக்கு அதில் வரி இருந்ததில்லை.

மூளைக்குள் இருக்கும் பட்டியல் வேறு. அது எப்படித் தெரியவந்தது என்று படிக்கப் போனால், வழியெங்கும் அடிபட்டவர்களே நிற்கிறார்கள். 1848-இல் அமெரிக்காவில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த ஃபினியஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கடப்பாரை உச்சந்தலை வழியாக வெளியே போனது. ஆள் பிழைத்தார், குணம் மாறிப்போனது. நிதானமும் திட்டமிடலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலைச் சார்ந்தவை என்ற பேச்சுக்கு அவர்தான் முதல் சாட்சி. 1861-இல் பாரிஸில் "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேசவராத ஒரு நோயாளி இறந்தார். அவர் மூளையில் இடது முன்மடல் சிதைந்திருந்ததை மருத்துவர் ப்ரோகா காட்டினார். பேச்சுக்கு ஓர் இடம் கிடைத்தது.

பிடரியில் இருக்கும் பார்வைப் பகுதியை வரைந்தவர் ஜப்பானியக் கண் மருத்துவர் இனோயே. ரஷ்யாவுடன் 1904-05-இல் நடந்த போரில் தலையில் குண்டு துளைத்துப் பிழைத்த சிப்பாய்களைச் சோதித்து வரைந்தார். அதற்குக் கீழே இருக்கும் சிறுமூளைதான் அசைவுகளை ஒழுங்குபடுத்துகிறது என்பதை முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களிடம் விரிவாகப் பதிந்தவர் கார்டன் ஹோம்ஸ். 1953-இல் வலிப்புக்காக ஹென்றி மொலேசனின் மூளையில் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் அவருக்குப் புதிய நிகழ்வுகள் நினைவில் தங்கவில்லை.

விரலின் இடத்தைக் கண்டவர் மான்ட்ரியலின் வைல்டர் பென்ஃபீல்ட். மூளையைத் தொட்டால் மூளைக்கு வலிக்காது. அதனால் வலிப்பு நோயாளிகளை விழிப்பிலேயே வைத்து அறுவை செய்தார். மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, "எங்கே உணர்கிறீர்கள்?" என்று கேட்டுக் குறித்தார். 1937-இல் வெளியான அந்த வரைபடத்தில், நடுப்பள்ளத்துக்குப் பின்னால் தொடு உணர்வுக்கான பட்டையில் முதுகுக்கும் காலுக்கும் கொஞ்சம்தான் இடம். விரல்களுக்கும் உதட்டுக்கும் கொள்ளை இடம். வலது கைக்கான இடம் இடது மூளையில்.

அந்த பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். எங்களூர் ஹைவேயில் ஒருபக்கம் போனால் நிம்ஹான்ஸ், மறுபக்கம் கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் வேலூர். சித்தப்பாவின் கேள்விக்கு இரண்டு திசையிலும் விடை இருந்திருக்கிறது. யாரும் அவரை அங்கே அழைத்துப் போகவில்லை, நான் உட்பட.

விரல் போனாலும் மூளையில் அதன் இடம் காலியாவதில்லை. 1980-களில் மைக்கேல் மெர்செனிக்கின் குழு குரங்குகளிடம் பார்த்தது: போன விரலின் இடத்துக்குள் பக்கத்து விரல்கள் படர்ந்துவிடுகின்றன. மோதிர விரலைத் தேய்த்துவிட்டால் போன விரலின் நமைச்சல் அடங்குகிறது என்று சித்தப்பா சொல்வார். அதையும் நாங்கள் நம்பியதில்லை. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கலிஃபோர்னியாவில் ஓர் எளிய வழி கண்டார். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை, போன கையின் இடத்தில் பார்க்கச் செய்தார். இறுகிக் கிடந்த மாயக் கை சிலருக்குத் திறந்தது. எல்லோருக்கும் அல்ல.

ஊருக்கு வந்ததும் பீரோ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் நிறுத்தினேன். வலது கையை அதன் பின்னால் வைக்கச் சொன்னேன். இடது கையை மூடித் திறக்கச் சொன்னேன். கண்ணாடிக்குள் வலது கை ஐந்து விரலோடு திறந்து மூடியது. சித்தப்பா நெடுநேரம் பார்த்தார்.

"வலி கொறஞ்சுதா சித்தப்பா?"

"கொஞ்சம் நீட்டுன மாதிரி இருக்கு. தெரியல." பிறகு கேட்டார், "மூளைல அதுக்கு எடம் இருக்குன்னு நெஜமாவே எழுதி வெச்சிருக்காங்களா?"

"படமே போட்டிருக்காங்க."

சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தாம்மே, இங்க வா. இவன் சொல்றத நீயும் கேளு."